கண்ணைத் திறந்ததும் என்ன நடக்கும்? வீடு மாற்றும் நிகழ்ச்சிகள், பிரிட்டனிலும் அமெரிக்காவிலும்

[திரையில்: கண்ணைப் பொத்தியபடி ஒரு தம்பதி தங்கள் வரவேற்பறைக்குள் வருகிறார்கள்]

"இப்போ கண்ணைத் திறக்கலாம்!" வீடு மாற்றும் நிகழ்ச்சிகள் எல்லாமே இந்த நொடிக்காகத்தான். அப்போது வீட்டுக்காரர் முகத்தில் எது தெரிய வேண்டும் என்பதில்தான் பிரிட்டனும் அமெரிக்காவும் வேறு வேறு பாதையில் போயின.

1996-இல் பிபிசி டூவில் 'சேஞ்சிங் ரூம்ஸ்' தொடங்கியது. பழகிய இரண்டு வீட்டார் சாவியை மாற்றிக்கொண்டு, இவர் அறையை அவரும் அவர் அறையை இவரும் மாற்றியமைப்பார்கள். இரண்டு நாள், 500 பவுண்டு, துணைக்கு ஒரு டிசைனர். அந்தக் காசுக்கு என்ன வரும்? பெயின்ட், கொஞ்சம் துணி, அப்புறம் எம்டிஎஃப் பலகை, அதாவது மரநாரை அழுத்திச் செய்த மலிவுப் பலகை. தச்சர் ஹேண்டி ஆண்டி அதை அறுத்து அறுத்துத் தள்ளுவார்.

[திரையில்: தொங்கும் அலமாரி, கீழே உடைந்த பீங்கான்]

ஒருமுறை, வீட்டுக்காரர் ஆசையாகச் சேர்த்த பழைய டீபாட்களை டிசைனர் லிண்டா பார்க்கர் வடிவமைத்த தொங்கும் அலமாரியில் அடுக்கினார்கள். அலமாரி விழுந்தது. டீபாட்கள் நொறுங்கின. அதையும் ஒளிபரப்பினார்கள்! மற்ற நாட்களில் வீட்டுக்காரர் "வித்தியாசமா இருக்கு" என்று இழுப்பார். பிடிக்கவில்லை என்று அர்த்தம். பார்ப்பவர்களுக்கு வேண்டியதும் அந்தச் சங்கடம்தான்.

2000-இல் இதே வடிவம் அமெரிக்காவின் டிஎல்சி சேனலில் 'டிரேடிங் ஸ்பேசஸ்' ஆனது. பட்ஜெட் 1,000 டாலர். முதலில் இவர்கள் பிரிட்டிஷ்காரர்களையே மிஞ்சினார்கள். டிசைனர் ஹில்டி சான்டோ-டோமாஸ் ஒரு வீட்டுச் சுவர் முழுக்க வைக்கோலை ஒட்டினார். இன்னொரு வீட்டில் செங்கல் கணப்படுப்பை இன்னொரு டிசைனர் டக் வில்சன் பலகையால் மறைத்துவிட, வீட்டுக்கார அம்மா அறையை விட்டு வெளியே போய் அழுதார். மைக் மட்டும் அணையவில்லை.

அதே நிகழ்ச்சியின் தச்சர் டை பென்னிங்டன்தான் 2003-இல் ஏபிசியில் 'எக்ஸ்ட்ரீம் மேக்ஓவர்: ஹோம் எடிஷன்' நடத்த வந்தார். இங்கே கணக்கே வேறு. நோயோ இழப்போ வாட்டிய குடும்பம் ஒன்றைச் சுற்றுலா அனுப்பிவிட்டு, ஏழே நாளில் வீடு. மரச்சட்டத்தில் வீடு கட்டும் ஊர் என்பதால் இந்த வேகம் ஓரளவு சாத்தியம். கடைசியில் புது வீட்டை மறைத்து ஒரு பஸ் நிற்கும்; கூட்டமே "பஸ்ஸை நகர்த்து!" என்று கத்தும். பஸ் நகரும், வீடு தெரியும், குடும்பம் அழும். இலவசமாக வந்த வீட்டில் யார் போய் "இந்த நிறம் சரியில்லை" என்பார்கள்? ரசனைச் சண்டைக்கு அங்கே இடமே இல்லை. எனக்கென்னவோ சுவாரசியம் போனதும் அதனால்தான்.

பிரிட்டனில் 1999-இலேயே சேனல் 4 'கிராண்ட் டிசைன்ஸ்' தொடங்கியிருந்தது. சொந்தக் காசில் வீடு கட்டுபவரை மாதக்கணக்கில், சிலசமயம் வருடக்கணக்கில் கேமரா பின்தொடரும். கூரையில்லாத வீட்டில் மழை கொட்டும். பட்ஜெட் எகிறும். தொகுப்பாளர் கெவின் மெக்லவுட் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு நிற்பார்.

பிரிட்டிஷ்காரர்கள் அழவே மாட்டார்களா? அழுவார்கள். பிபிசியின் 'டிஐஒய் எஸ்ஓஎஸ்' 2010-இலிருந்து 'தி பிக் பில்ட்' ஆனபோது, கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் என்று உள்ளூர்க்காரர்கள், கஷ்டத்தில் இருக்கும் ஒரு குடும்பத்தின் வீட்டைச் சீரமைக்கக் கூலி வாங்காமல் வந்து நின்றார்கள். கதவு திறந்ததும் குடும்பத்தோடு அவர்களும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். அதுவரைக்கும் வேலை நடந்த நாளெல்லாம் ஒருவரையொருவர் கிண்டல் செய்துகொண்டு திரிந்த அதே ஆட்கள்தான்.