தூக்கத்தை விட்டு ஓட்டிய லெவாசோர்

வணக்கம் நண்பர்களே. கார் பந்தயம் என்றதும் எல்லோரும் வேகத்தைத்தான் கேட்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஓட்டுநரின் சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டர். நன்றாக மிதிக்கிற சைக்கிள்காரரே அவரை முந்திவிடலாம். ஆனாலும் எமில் லெவாசோர் பெயரைச் சொல்லும்போது எனக்குச் சிலிர்க்கிறது.

1895 ஜூன். ஒரு கார் பந்தயம்: பாரிஸிலிருந்து பிரான்சின் தென்மேற்கில் உள்ள போர்தோ நகரம் போய், அங்கிருந்து பாரிஸுக்கே திரும்ப வேண்டும். மொத்தம் 1,178 கிலோமீட்டர். லெவாசோருக்கு அப்போது 52 வயது. ஓட்டியது தன் சொந்த நிறுவனமான பனார் லெவாசோரின் கார். இரண்டு சிலிண்டர், ஏறக்குறைய 4 குதிரைத்திறன். முன்னால் கண்ணாடி கிடையாது. ஸ்டியரிங் வீலும் கிடையாது, படகுச் சுக்கான் மாதிரி ஒரு தண்டுதான். சக்கரம் கல்லில் ஏறினால் அந்த அடி நேராகக் கைக்கு வரும். டயரோ காற்றில்லாத கெட்டி ரப்பர். யோசித்துப் பாருங்கள், இரவு முழுக்க அந்தத் தண்டைப் பிடித்துக்கொண்டே போகவேண்டும்!

ரூஃபெக் என்ற ஊரில் மாற்று ஓட்டுநர் ஏறிக்கொள்வதாக ஏற்பாடு. லெவாசோர் எதிர்பார்த்ததைவிட ரொம்ப முன்னதாகவே, விடியுமுன் போய்ச் சேர்ந்துவிட்டார். அந்த ஆள் இன்னும் தூக்கத்தில். சரி என்று இவரே கிளம்பிவிட்டார். போர்தோவைத் தொட்டு, திரும்பி, மறுபடி ரூஃபெக் வந்தபோதும் தண்டை யாரிடமும் கொடுக்கவில்லை. பாரிஸ் வந்து நின்றபோது 48 மணி 48 நிமிடம் ஆகியிருந்தது. அடுத்த கார் வர இன்னும் ஏறக்குறைய ஆறு மணி நேரம்.

ஆனால் முதல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை. நான்கு பேர் உட்காரும் காருக்குத்தான் பரிசு என்பது விதி, இவருடையது இரண்டு இருக்கை. இவருக்கு 11 மணி நேரம் கழித்து வந்த கோஷ்லன் என்பவரின் பெஜோ காருக்குப் போனது அந்தப் பரிசு. விதி தெரிந்தே இறங்கினார் என்றாலும், எனக்கு இன்றும் மனம் ஆறவில்லை.

அப்புறம், டயர் தயாரிப்பாளர்களான மிஷலின் சகோதரர்கள் காற்றடைத்த டயரோடு கார் ஓட்டியதும் இதே பந்தயத்தில்தான். வழியெல்லாம் பஞ்சர். கெடு நேரத்துக்குள் அவர்களால் முடிக்க முடியவில்லை.

அடுத்த ஆண்டு பாரிஸ் – மார்செய் பந்தயத்தில் நாய் ஒன்று குறுக்கே வந்து, லெவாசோரின் கார் கவிழ்ந்தது. பலத்த அடி. 1897-இல் இறந்துபோனார்.

பாரிஸில் போர்த் மையோ என்ற இடத்தில்தான் 1895 பந்தயம் முடிந்தது. அங்கே அவருக்கு ஒரு கல் நினைவுச்சின்னம் இருக்கிறது, ஒரு வளைவுக்குள்ளிருந்து அவருடைய கார் வெளியே பாய்ந்து வருவதுபோல. படம் இதோ திரையில், பாருங்கள்.