கச்சேரியில் பாதிப் பேர் எழுந்து போகும் அந்தப் பதினைந்து நிமிடம் | மார்கழியில் சென்னை, ரெண்டு நாள்

[திரையில்: மிருதங்கத்தின் வலது பக்கம், மிக அருகில்]

இந்தக் கறுப்பு வட்டத்தை நன்றாகப் பாருங்கள். உள்ளங்கையை வைத்தால் மறைந்துவிடும். இது என்ன என்று நினைக்கிறீர்கள்? பெயின்ட் இல்லை, தார் இல்லை. கல்லைப் பொடித்த தூளும் சோறும். ஆமாம், நாம் தினமும் சாப்பிடுகிற அதே சோறுதான். சர் சி.வி. ராமன் நோபல் பரிசு வாங்குவதற்குப் பத்து வருடம் முன்பே இந்த வட்டத்தைப் பற்றி ஓர் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிவிட்டார்.

சென்னையில் இரண்டு நாள் சுற்றப் போன நான் இந்த வட்டத்தில் வந்து மாட்டிக்கொண்டேன். அந்தக் கதைதான் இன்றைய வீடியோ. கடைசியில் நீங்களே உட்கார்ந்த இடத்தில் ஒரு தாளம் போடப் போகிறீர்கள், அதனால் இரண்டு கையும் காலியாக இருக்கட்டும்.

வணக்கம். போன மார்கழியில் நானும் என் தோழியும் வெள்ளிக்கிழமை இரவு மதுரையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினோம். அவள் அதுவரை ஒரு கர்நாடக சங்கீதக் கச்சேரிகூட நேரில் கேட்டதில்லை. ஊர்த் திருவிழாவில் தவில் கேட்டு வளர்ந்தவள். "புரியலேன்னா தூங்கிடுவேன், எழுப்பாதே" என்று முதலிலேயே சொல்லிவிட்டாள்.

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு நடந்தது, அதோடு ஒரு இசை மாநாடும் நடந்தது. அதிலிருந்து 1928-இல் மியூசிக் அகாடமி பிறந்தது. மார்கழி முழுக்கக் கச்சேரி நடக்கிற டிசம்பர் சீசன் அப்படித்தான் வேர் பிடித்தது. மேடையில் தமிழ்ப் பாட்டுக்கு உரிய இடம் வேண்டும் என்று 1943-இல் தமிழ் இசைச் சங்கம் வந்தது. 2017-இல் யுனெஸ்கோ தன் படைப்பு நகரங்கள் பட்டியலில் இசைக்காகச் சென்னையைச் சேர்த்தது. சரி, வரலாறு முடிந்தது. மயிலாப்பூருக்குப் போவோம்.

[திரையில்: விடிவதற்கு முன், மாட வீதி, கோலங்கள்]

எழும்பூரில் இறங்கியதும் பையை அறையில் போட்டுவிட்டு நேராகக் கபாலீசுவரர் கோயில். மார்கழியில் இந்த நேரத்தைத் தவறவிடாதீர்கள். வாசலுக்கு வாசல் கோலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். மாட வீதியில் பஜனை கோஷ்டி பாடிக்கொண்டு நடக்கும். பாடல்கள் இயற்றிய பாபநாசம் சிவன் வருடா வருடம் முன்னால் நின்று பாடிக்கொண்டு போன வீதி இது. டிக்கெட் இல்லை, மைக் இல்லை, உங்களுக்கும் பாட்டுக்கும் நடுவில் இரண்டடி தூரம்தான். நேரடி இசை என்று நான் சொல்வது இதைத்தான்.

இந்த ஊருக்கு இசை புதிதும் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் மயிலையைப் பாடினார். இறந்துபோன பூம்பாவை என்ற பெண்ணை எழுப்பப் பாடிய பதிகம் அது. அவர் அவளிடம் உயிரின் பெருமையையோ உலகத்தின் அழகையோ சொல்லவில்லை. ஊர்த் திருவிழாக்களை எண்ணி எண்ணிச் சொல்கிறார். கார்த்திகை விளக்கு, திருவாதிரை, தைப்பூசம், இதையெல்லாம் "காணாதே போதியோ பூம்பாவாய்" என்று கேட்கிறார். பார்க்காமலே போகிறாயே அம்மா என்று. பங்குனி உத்திரத்தை அவர் 'ஒலிவிழா' என்கிறார். எவ்வளவு நல்ல சொல், பாருங்கள்! 'ஒலிவிழா' என்று நம்மிடம் ஒரு சொல் இருக்கிறது, அதை ஏன் நாம் பயன்படுத்துவதில்லை என்று எனக்கு ஆதங்கமே உண்டு. அவர் பாடிய கோயில் கடலோரத்தில் இருந்தது என்பார்கள். இப்போது நாம் பார்ப்பது பிற்காலத்தில் எழுந்தது.

"காணாதே போதியோ." இந்தச் சொல்லை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மதியம் தேவைப்படும்.

இட்லி, காபி, எழும்பூர் அருங்காட்சியகம். வெள்ளிக்கிழமை விடுமுறை, மற்ற நாளில் போகலாம். நேரம் இல்லையென்றால் வெண்கலச் சிலைக் கூடம் மட்டும் போதும். திருவெண்காட்டு அர்த்தநாரீசுவரரும் திருவாலங்காட்டு நடராசரும் அங்கேதான் இருக்கிறார்கள். நடராசரின் பின்பக்க வலது கையைப் பாருங்கள். சின்ன உடுக்கை. நாங்கள் பத்து நிமிடம் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றோம். உடுக்கையை இறுக்கிப் பிடிக்கவில்லை, விரல் நுனியில் தொட்டுக்கொண்டிருக்கிறார். தோழி சொன்னாள்: "அடிக்கறதுக்கு ஒரு நொடி முன்னாடி இருக்கார்டி." அன்று மதியம் மேடையில் அதே விரல்களைப் பார்க்கப் போகிறோம் என்று அப்போது தெரியாது.

[திரையில்: சபா வாசல், செருப்புகள், கேன்டீன் பலகை]

டிக்கெட் பற்றி நிறையப் பேர் கேட்பீர்கள். மாலைக் கச்சேரிக்குத்தான் பெரும்பாலும் டிக்கெட். பல சபாக்களில் மதியக் கச்சேரி இலவசம். பாடுகிறவர்கள் இளைஞர்கள், பெயர் இன்னும் பெரிதாகவில்லை, அதனால் முன் வரிசையே கிடைக்கும். மாலையில் காசு கொடுத்துப் பின்னால் உட்காருவதைவிட மதியம் முன்னால் உட்காருவதுதான் என் கட்சி. நாங்கள் சனிக்கிழமை மாலைக்குப் போன ஒரு சபாவில் டிக்கெட் தீர்ந்துபோய்த் திரும்பி வந்தோம். எனக்கு அதில் துளி வருத்தமும் இல்லை, ஏனென்றால் மதியம் கேட்டது அப்படி.

மூன்றாவது வரிசை. மேடையிலிருந்து பதினைந்து அடி இருக்கும். ஒரு பெண் பாடுகிறார், வயலின், மிருதங்கம், கடம். இன்று நாம் கேட்கிற கச்சேரியின் வரிசை பெருமளவு பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்தது. முதலில் வர்ணம் என்கிற தொடக்கப் பாட்டு, அப்புறம் சின்னச் சின்ன உருப்படிகள், அதாவது பாடல்கள், நடுவில் விரிவான பெரிய உருப்படி, அது முடிகிற இடத்தில் தனி ஆவர்த்தனம். பாடகரும் வயலினும் நிறுத்திவிடுவார்கள். தாளக்காரர்கள் மட்டும் வாசிப்பார்கள்.

அந்த நேரம் பார்த்து அரங்கில் பாதிப் பேர் எழுந்தார்கள்.

முழங்கால்களை ஒதுக்கிக்கொண்டு, பையைத் தூக்கிக்கொண்டு, கேன்டீன் பக்கம். கீரை வடை சூடாக இருக்கும், எனக்கும் தெரியும். மாலைக் கச்சேரியிலும் இதே காட்சிதான், அங்கே தனி பதினைந்து நிமிடம்கூடப் போகும். ஆனால் கடம் வாசித்த பையனுக்கு அந்தக் கச்சேரியில் தனியாகப் பேசக் கிடைத்த ஒரே இடம் அதுதான். அவன் தலை நிமிர்ந்தபோது எதிரே முதுகுகள். எனக்குத் தொண்டை அடைத்தது. காணாதே போதியோ!

தோழி எழுந்திருக்கவில்லை. தூங்கவும் இல்லை. முன்னால் சாய்ந்து உட்கார்ந்து என் காதில் கேட்டாள்: "தவில்ல இந்தக் கறுப்புப் பொட்டு கிடையாதே. இதுக்கு மட்டும் எதுக்கு?"

இந்த வீடியோவே அந்தக் கேள்விக்காகத்தான். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

[திரையில்: இரண்டு வட்டங்கள், ஒன்று வெறும் தோல், ஒன்றில் நடுவே கறுப்பு]

தோலை இழுத்துக் கட்டி ஒரு அடி அடித்தால் ஒரே அதிர்வு வராது, பல அதிர்வுகள் சேர்ந்து எழும். முதல் அதிர்வின் வேகத்தை 1 என்று வைத்துக்கொண்டால், வெறும் தோலில் அடுத்தது 1.59, அப்புறம் 2.14, 2.30. இந்த எண்கள் ஒன்றோடொன்று ஒட்டாது. பத்துப் பேர் ஒரே நேரத்தில் பத்து விஷயம் பேசுகிற மாதிரி. அதனால்தான் சாதாரண மேளத்தில் 'தொம்' என்ற அதிர்ச்சி கேட்கும், சுரம் கேட்காது. வீணைத் தந்தியில் அப்படி இல்லை. அங்கே 1, 2, 3, 4 என்று முழு எண்களாக வரும். காது அதைச் சுரமாக எடுத்துக்கொள்ளும்.

இப்போது தோலின் நடுவில் கனம் ஏற்றுங்கள். நடுப்பகுதி மெதுவாக அசையும், ஓரம் வேறு மாதிரி அசையும். கனத்தைச் சரியான அளவில், நடுவில் தடிப்பாக, ஓரத்துக்குப் போகப் போக மெலிதாக ஏற்றினால் அந்த ஒட்டாத எண்கள் நகர்ந்து நகர்ந்து 1, 2, 3, 4, 5 என்று வரிசையில் வந்து நிற்கும். தோல் தந்தி மாதிரிப் பாட ஆரம்பிக்கும்! 1920-இல் ராமன் இதை இன்னொருவரோடு சேர்ந்து 'நேச்சர்' இதழில் எழுதினார். 1934-இல் இன்னும் விரிவாக எழுதினார். தோலின் மேல் மெல்லிய மணலைத் தூவி, அதிரும்போது மணல் எங்கே ஒதுங்குகிறது என்று பார்த்தார். ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து சுரங்களுக்குள் அடங்குகின்றன என்று காட்டினார். பாடகரின் சுருதிக்கு மிருதங்கத்தைச் சேர்க்க முடிகிறது என்றால் அதற்கு இந்த வட்டம்தான் காரணம்.

ஆனால் எனக்கு ராமனைவிட அதிக பிரமிப்பு வேறு ஒருவர் மேல். சமன்பாடு எதுவும் கையில் இல்லாமல், காதை மட்டும் நம்பி இந்த அளவைக் கண்டுபிடித்தவர் மேல். கிட்டக்கல்லைப் பொடித்துச் சோற்றோடு பிசைந்து, ஒரு சிட்டிகை தடவி, கல்லால் தேய்த்து, காயவைத்து, அதன் மேல் இன்னொரு சிட்டிகை. இப்படி அடுக்கு அடுக்காக ஏற்றுவார்கள். இதற்குப் பெயரே 'சோறு' அல்லது 'சாதம்', 'கரணை' என்றும் சொல்வார்கள். உடல் பலாமரம். இடது பக்கத் 'தொப்பி'யில் கச்சேரிக்கு முன் ரவையைத் தண்ணீரில் குழைத்து ஒட்டுவார்கள், முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஒரு பக்கம் சோறு, ஒரு பக்கம் ரவை. தலைமுறை தலைமுறையாக இதைச் செய்து வருபவர்கள் பெரும்பாலும் தலித் குடும்பங்கள், அவர்களில் பலர் கிறிஸ்தவர்கள். தோலை உரித்து, பதப்படுத்தி, வெட்டி, இழுத்துக் கட்டுவது அவர்கள் கை. மேடையில் எல்லோர் பெயரையும் அறிவிக்கிறார்கள், செய்தவர் பெயரை அறிவிப்பதில்லை. அறிவிக்க வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

சரி, இப்போது கையைத் தயார் செய்யுங்கள். ஆதி தாளம், மொத்தம் எட்டு.

தொடையில் ஒரு தட்டு. அப்புறம் சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். ஆச்சா, நாலு. மறுபடி தட்டு, வீச்சு. தட்டு, வீச்சு. எட்டு. வீச்சு என்றால் உள்ளங்கை மேலே திரும்பும்.

ஒவ்வொரு எண்ணிக்கைக்குள்ளும் 'தகதிமி' என்று நாலு மாத்திரை. எட்டு நாலு 32. பின்பாதியில் 16. இப்போது 'ததிகிணதொம்' என்ற ஐந்து எழுத்துச் சொல்லை எடுங்கள். மூன்று முறை சொன்னால் 15. பதினாறில் ஒன்று மிச்சம். அந்த ஒன்றை முதலிலேயே விட்டுவிட்டு ஆரம்பித்தால்?

(ஐந்தாம் எண்ணிக்கையின் தட்டு) ... ததிகிணதொம் ததிகிணதொம் ததிகிணதொம், (தட்டு!)

மூன்றாவது 'தொம்' முடிகிற அந்தக் கணம் உங்கள் கை தானாக முதல் தட்டில் விழும். அதுதான் சமம். தனி ஆவர்த்தனத்தில் நடப்பதெல்லாம் இந்தச் சமத்தை நோக்கிய பயணம்தான். கடைசியில் 'குறைப்பு' வரும். மிருதங்கம் ஒரு நீளத்துக்கு வாசிக்கும், கடம் அதே நீளத்துக்குப் பதில் சொல்லும். அப்புறம் நீளம் பாதியாகும், அப்புறம் அதிலும் பாதி, கடைசியில் இரண்டும் ஒன்றாகப் பாய்ந்து, கோர்வை என்கிற முடிவுச் சொற்கட்டை மூன்று முறை வாசித்து முடிக்கும். பாடகர் விட்ட இடத்திலிருந்து வரியை எடுப்பார். எத்தனையாவது முயற்சியில் உங்களுக்குத் தட்டு சரியாக விழுந்தது என்று கமெண்டில் எழுதுங்கள், எல்லாவற்றையும் படிப்பேன்.

அந்த மதியம் கடத்துக்காரப் பையன் முடித்தபோது காலி நாற்காலிகளுக்கு நடுவிலிருந்து முதலில் கை தட்டியது என் தோழிதான். அவன் அவளைப் பார்த்துத் தலையசைத்தான்.

ஞாயிற்றுக்கிழமையில் சொல்ல ஒன்றே ஒன்று. சேப்பாக்கத்தில் பறக்கும் ரயிலில் இறங்கி மெரினாவுக்கு நடந்தோம். கடலைப் பார்த்தபடி செங்கல் நிறத்தில் மாநிலக் கல்லூரி. ராமன் 1904-இல் பி.ஏ.வும் 1907-இல் எம்.ஏ.வும் முடித்தது இங்கேதான். சுண்டல் வாங்கிக்கொண்டு எதிரே மணலில் உட்கார்ந்தோம். தோழி ஒரு பிடி மணலை எடுத்து, சுண்டல் வந்த காகிதத்தை முழங்கால்களில் விரித்து, அதன் மேல் தூவி, ஓரத்தில் விரலால் தட்டிப் பார்த்தாள். மணல் குதித்தது, ஒதுங்கவில்லை. "நடுவுல சோறு வைக்கணும்" என்றாள்.

இரவு ரயிலில் மேல் படுக்கையிலிருந்து சத்தம். தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். கீழே இருந்த பாட்டி, "ஏம்மா, தூங்க வேண்டாமா?" என்று கேட்டார். "ஒரே ஒரு தடவை பாட்டி, சமத்துல விழ மாட்டேங்குது" என்றாள் இவள். பாட்டி போர்வையிலிருந்து கையை எடுத்து, தொடையில் தட்டி, "ஒண்ணு விட்டு ஆரம்பி" என்றார்.

அந்தப் பாட்டி எங்கே கற்றுக்கொண்டார் என்பது தனிக் கதை, அதை அடுத்த வீடியோவில் சொல்கிறேன். மானாமதுரைக்குப் போய்க் கடம் வனைவதையும் படம் பிடிக்கப் போகிறோம். பார்க்க வேண்டுமென்றால் சப்ஸ்கிரைப் செய்து வையுங்கள்.