போன் இருக்கு, அப்புறம் ஏன் பிள்ளைங்க பின்தங்குறாங்க? மூணாறு நேயர் கேள்விக்குப் பதில்

சரி, அடுத்த கேள்வி. மூணாறு எஸ்டேட் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி அனுப்பியிருக்காங்க. "அண்ணா, எங்க லயத்துல, அதான் எஸ்டேட் தொழிலாளர் வரிசை வீடுங்கள்ல, எல்லா வீட்டுலயும் ஸ்மார்ட்போன் இருக்கு. கேரளா முழு டிஜிட்டல் எழுத்தறிவு மாநிலம்னும் சொல்லியாச்சு. அப்புறமும் கம்ப்யூட்டர்ல எங்க பிள்ளைங்க பின்தங்கி இருக்காங்களே, ஏன்?"

நல்ல கேள்விம்மா. அந்த அறிவிப்பு 2025 ஆகஸ்ட் 21-ல வந்தது. வாய்ப்பேச்சா சொல்லல. வீடு வீடா போய் தெரியாதவங்களைக் கணக்கெடுத்து, 21 லட்சத்துக்கும் மேல ஆளுங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க. நூறு வயசு தாண்டின பெரியவர் கூட கத்துக்கிட்டார். அதை நான் குறைச்சுப் பேசமாட்டேன். ஆனா சொல்லிக் கொடுத்தது என்ன? போன் பண்றது, வீடியோ கால் போடுறது, பில் கட்டுறது, இந்த மாதிரி. பாட்டிக்கு அது போதும். பத்தாவது படிக்கிற பேத்திக்குப் பத்துமா?

உங்க லயத்துலயே பாருங்களேன். காலையில கொழுந்து எடுக்கப் போறப்போ அந்தப் போன் யாரு கூட போகுது? அம்மா கூட. பிள்ளை கைக்கு வர்றப்போ ராத்திரி ஆயிடும். சார்ஜ் இருக்காது, அன்னைக்கு உள்ள நெட் தீர்ந்திருக்கும், ரெண்டு பிள்ளைங்கன்னா சண்டை வேற. எஸ்டேட்டோட சில டிவிஷன்ல ரேஞ்ச் வேணும்னா ரோட்டுக்கு ஏறி வரணும். ஆனா யாராவது வந்து "போன் இருக்கா?"ன்னு கேட்டா, "இருக்கு"ன்னுதானே சொல்லுவோம்! 2017-18-ல எடுத்த தேசிய மாதிரி ஆய்வுல, நாட்டுல கிராமத்து வீடு நூறுல சுமார் 15 வீட்டுல இன்டர்நெட், 4 வீட்டுல கம்ப்யூட்டர். அதுக்கப்புறம் இன்டர்நெட் கடகடன்னு ஏறிடுச்சு, போன் புண்ணியத்துல. கம்ப்யூட்டர் அப்படி ஏறல.

தமிழ் மீடியம் பிள்ளைங்களுக்கு இன்னொரு சங்கடம். கொரோனாவுல ஸ்கூல் மூடியிருந்த நேரம், 2020 ஜூன் 1-ல 'ஃபர்ஸ்ட் பெல்'ங்கிற அரசு ஆன்லைன் வகுப்பு ஆரம்பிச்சப்போ, மலையாளப் பிள்ளைங்களுக்கு அரசோட கல்விச் சேனலான விக்டர்ஸ்ல, டிவியிலேயே பாடம் வந்துச்சு. தமிழ்ப் பாடம் பெரும்பாலும் யூடியூப்ல. டிவிக்கு டேட்டா வேண்டாம், யூடியூப்புக்கு வேணும். அப்போ யாருக்குச் செலவு? வசதி குறைஞ்சவங்களுக்கு. ராஜமலைப் பக்கத்துப் பிள்ளைங்க ரேஞ்ச் தேடி இரவிகுளம் பக்கம் போய்ப் படிச்சது பேப்பர்லயே வந்துச்சே.

அரசு ஆன்லைன் வேலைக்கெல்லாம் நாம போற அக்‌ஷயா சென்டரை எடுத்துக்குங்க. 2002-ல மலப்புறத்துல ஆரம்பிச்சப்போ வீட்டுக்கு ஒருத்தருக்காவது கம்ப்யூட்டர் சொல்லிக் கொடுக்கணும்னுதான் ஆரம்பிச்சாங்க. இப்போ நாம எதுக்குப் போறோம்? சாதி சர்டிபிகேட்டா, ஸ்காலர்ஷிப்பா, அவங்க டைப் பண்ணுவாங்க, நாம பக்கத்துல நின்னு பார்ப்போம். இடையில ஒண்ணு சொல்லிடறேன். அந்த ஃபார்ம்ல யாரு நம்பர் போடுறாங்கன்னு பாருங்க. தெரிஞ்சவர் நம்பரைப் போட்டுட்டு வந்துட்டா, அடுத்த வருஷம் ஓடிபி அவருக்குத்தான் போகும். அவர் ஊர் மாறிப் போயிருந்தா முடிஞ்சது கதை.

சரி, என்ன பண்ணலாம்? பிள்ளை எட்டாவதுன்னா ஸ்கூல்ல 'லிட்டில் கைட்ஸ்'ங்கிற மாணவர் கம்ப்யூட்டர் கிளப் இருக்கான்னு கேளுங்க. ஒரு சின்னத் தேர்வு வெச்சுத்தான் எடுப்பாங்க. நம்ம பிள்ளைங்க பல பேரு அந்தத் தேர்வு நடக்கிறதே தெரியாம விட்டுடறாங்க. பழைய கம்ப்யூட்டர் யாராவது கொடுத்தா வேண்டாம்னு சொல்லாதீங்க. வின்டோஸுக்குப் பதிலா கேரளா ஸ்கூல்ல ஓடுற லினக்ஸ் இலவசம்தான், வின்டோஸ் திணறுற பழைய மெஷின்லயும் பெரும்பாலும் ஓடிடும். அதுவும் கிடைக்கலையா, ஒரு சாதாரண கீபோர்டும் ஓடிஜி வயரும் வாங்குங்க. பெரும்பாலான போன்ல அதை மாட்டலாம். தமிழ், இங்கிலீஷ் ரெண்டுலயும் டைப்பிங் பழகிடலாம். ஞாயித்துக்கிழமை அம்மா போன் வீட்டுலதானே இருக்கும், அன்னைக்கு ஒரு மணி நேரம் பிள்ளைக்குன்னு ஒதுக்கிடுங்க.

அடுத்த கேள்வி பாலக்காடு கொழிஞ்சாம்பாறையில இருந்து...