மூக்கால அடிக்கிற ஹோர்மோன் ஸ்ப்ரே: ஆறாவது மாசத்தில இருந்து கதைக்கிறன்

வணக்கம் எல்லாருக்கும். சத்தம் வடிவா கேக்குதோ தெரியேல்ல, கச்சான் காத்து போட்டு அடிக்குது. திருகோணமலை உப்புவெளியில எங்கட வீட்டு மேல்மாடியில இருந்துதான் கதைக்கிறன், கீழ இருந்தா அம்மா, சித்தி, பக்கத்து வீட்டு அன்ரி எண்டு ஆராவது நடுவால வந்து போவினம், இது கொஞ்சம் ஆறுதலா இருந்து கதைக்க வேண்டிய விசயம்.

இந்தா, கையில காட்டுறன் பாருங்கோ. சின்னப் போத்தல், மேல ஒரு பம்ப், அதுக்கு ஒரு மூடி. பாத்தா தடிமலுக்கு மூக்குக்க அடிக்கிற ஸ்ப்ரே மாதிரித்தான் இருக்கும், அதாலதான் எனக்குப் பயமே, ஏனெண்டா பாத்த உடன ஆக்கள் இதை லேசா எடுத்திடுவினம். மருந்துட பேர் நஃபரலின், சினரெல் எண்ட பேரில வாறது. இது மூக்குக்கான மருந்தே இல்ல, மூக்கு வழி மட்டும்தான். வேலை செய்யுறது மூளைக்கு அடியில இருக்கிற பிட்யூட்டரிச் சுரப்பியில, அங்க இருந்து சூலகத்தை நிப்பாட்டி ஈஸ்ட்ரோஜன் எண்ட பெண் ஹோர்மோனை இறக்குது. ஊசி போட்டா எவ்வளவு கவனமா இருப்பமோ அவ்வளவு கவனம் இதுக்கும் வேணும்.

எனக்கு எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பைக்குள்ள இருக்கிற தோல் மாதிரி ஒண்டு கர்ப்பப்பைக்கு வெளியிலயும் வளருறது, அது மாசா மாசம் உள்ளுக்கயே வீங்கி, ரத்தம் கசிஞ்சு, நோகும். பதினாறு வயசில இருந்து பீரியட் வந்தா நான் சீமெந்து நிலத்தில சுருண்டு படுத்துக் கிடப்பன், கட்டில்ல கூடப் படுக்க ஏலாது, நிலத்துக் குளிர் வயித்தில பட்டாத்தான் கொஞ்சமாவது தாங்கும். ஒரு கிளினிக்கில "கலியாணம் முடிச்சா எல்லாம் சரியாகும்" எண்டு சொல்லி பெனடோல் தந்து அனுப்பினவை. அதை நான் இண்டைக்கும் மறக்கேல்ல. பிறகு ஒஸ்ரேலியாவுக்குப் படிக்கப் போன இடத்திலதான் ஒரு டொக்டர் நான் சொன்னதை முழுசா இருந்து கேட்டு, ஸ்கேன், லெப்ரஸ்கொபி (வயித்தில சின்ன ஓட்டை போட்டு கமராவால பாக்கிறது) எல்லாம் செய்து இதுதான் எண்டு சொன்னவ. ஜனவரி நடுவில இந்த ஸ்ப்ரே தொடங்கினது, மே மாசம் அம்மாட கண் ஒப்பரேசனுக்காக ஊருக்கு வந்திட்டன், மிச்சத்தை டொக்டரிட்ட கேட்டு, கடிதமும் வாங்கிக்கொண்டு வந்து இங்க முடிக்கிறன். இது ஆறாவது மாசம், கடைசிப் போத்தல்.

முதல்ல இது எப்பிடி வேலை செய்யுது எண்டு சொல்லுறன், அது விளங்கினா ஏன் நேரம் தவற விடக் கூடாது எண்டது தன்னால விளங்கும். எங்கட மூளையில இருந்து பிட்யூட்டரிக்கு, சூலகத்தை வேலை செய்ய வைக்கச் சொல்லி, ஜிஎன்ஆர்எச் எண்டு ஒரு ஹோர்மோன் வருது, பத்து மணி கோத்த மாலை மாதிரி பத்து அமினோ அமிலம் சேந்தது. அது தண்ணிக் குழாய் மாதிரி ஒரே ஒழுக்கா வராது, ஒரு மணித்தியாலம், ஒண்டரை மணித்தியாலத்துக்கு ஒருக்கா விட்டு விட்டு வரும். கோயில் மணியை நினைச்சுப் பாருங்கோ, பூசை நேரத்துக்கு மட்டும் அடிச்சா சனம் எழும்பி வரும், அதே மணியை விடிய விடிய நிப்பாட்டாமல் அடிச்சா? மூண்டாம் நாள் ஒருத்தரும் திரும்பிக் கூடப் பாக்காயினம். அதைத்தான் இந்த மருந்து செய்யுது. முதல் சொன்ன அந்தப் பத்து அமினோ அமிலத்தில ஆறாவதை மட்டும் மாத்தி, உடம்பில சுணங்கி நிக்கிற மாதிரி, பலம் கூடின மாதிரி செய்திருக்கினம், அது நிப்பாட்டாமல் மணி அடிக்க, பிட்யூட்டரி கொஞ்சம் கொஞ்சமா காது குடுக்காமல் விடுது, சூலகமும் அடங்குது. உண்மையான ஹோர்மோன்ட அமைப்பைக் கண்டுபிடிச்ச கிய்மான், ஷாலி எண்ட ரெண்டு பேருக்கும் 1977இல நோபல் பரிசு குடுத்தவை.

அப்ப பாருங்கோ, ஆரம்பத்தில மணி அடிச்ச உடன சனம் எழும்பி வரத்தானே செய்யும். அதால முதல் ரெண்டு மூண்டு கிழமை ஈஸ்ட்ரோஜன் குறையாமல் கூடும், நோவும் கூடலாம், ரத்தமும் படலாம். எனக்கு ரெண்டாம் கிழமை நல்லா நொந்தது. மருந்து பிழைச்சுப் போச்சு எண்டு நினைச்சு அந்த நேரத்தில நிப்பாட்டிற ஆக்கள் இருக்கினம், நானும் நிப்பாட்டப் பாத்தன், டொக்டர் முதலே சொல்லி வச்சதால தப்பினது. பீரியட் நிக்க ஒண்டரை, ரெண்டு மாசம் போகும். ரெண்டு மாசம் தாண்டியும் ஒழுங்கா வந்துகொண்டிருந்தா டொக்டரிட்ட சொல்லுங்கோ, நீங்களா அளவைக் கூட்டி அடிக்க வேண்டாம்.

அளவு. ஒரு தரம் அடிச்சா 200 மைக்ரோகிராம். எனக்கு எழுதினது விடிய ஒரு பக்க மூக்கில ஒண்டு, பின்னேரம் மற்றப் பக்கத்தில ஒண்டு, ஒரு நாளைக்கு 400. தொடங்கினது பீரியட் வந்து 2ஆம் நாளுக்கும் 4ஆம் நாளுக்கும் இடையில. இது என்ட அளவு, தயவு செய்து இதைக் குறிச்சு வச்சு நீங்கள் எடுக்க வேண்டாம், பூசரலின் எண்டு இதே மாதிரி இன்னொரு மூக்கு ஸ்ப்ரே இருக்கு, அதுக்கு அளவும் வேற, ஒரு நாளைக்கு எத்தினை தரம் எண்டதும் வேற. சின்ன வயசிலயே பெரியாளாகிற பிள்ளைகளுக்கும் நஃபரலின் குடுக்கிறவை, அது நான் எடுக்கிறதை விட நாலு மடங்கு. குழந்தைப்பேறு சிகிச்சைக்கு எடுக்கிற ஆக்களுக்கு இன்னொரு கணக்கு. ஒரே போத்தல், ஆளுக்கு ஆள் வேற கணக்கு.

இப்ப அடிக்கிற விதம், இதை ஆறுதலா பாருங்கோ, நான் வெறுமனே பிடிச்சுக் காட்டுறன், அழுத்தேல்ல. முதல்ல மெல்லமா மூக்கைச் சிந்தி சுத்தமாக்கோணும். முனையை இளஞ்சூட்டுத் தண்ணியில கழுவி, விரலாலயோ மெல்லிய துணியாலயோ ஒரு 15 செக்கன் துடைக்கோணும், அடிச்சு முடிஞ்ச பிறகும் அதே மாதிரி. கழுவேக்க போத்தலைக் கிடையாப் பிடிக்கோணும், தண்ணி உள்ளுக்குப் போகக் கூடாது. ஊசி, குண்டூசி ஒண்டும் குத்த வேண்டாம், துவாரம் பெருத்தா அளவு மாறிப் போயிடும். புதுப் போத்தலா இருந்தா முதல் தரம் மட்டும் வெளியில ஒரு 7, 10 தரம் அமத்தி, புகார் மாதிரி வந்த பிறகுதான் மூக்குக்க. ஒவ்வொரு நாளும் அப்பிடி அமத்தினா மருந்து வீண். பிறகு தலையை லேசா முன்னுக்குக் குனிஞ்சு, முனையை மூக்குட நடுச் சுவருக்கு இல்லாமல் பின்பக்கமா, வெளிப்பக்கமா சரிச்சு வச்சு, மற்ற மூக்கை விரலால பொத்தி, மெல்ல உறிஞ்சிக்கொண்டே ஒரே அமத்து. எடுத்திட்டு தலையை ஒரு சில செக்கன் பின்னால சாய்ச்சு வைக்கிறது. அவ்வளவுதான், ஒரு நிமிசம் கூட இல்ல.

ஆனா அந்த ஒரு நிமிசம் சரியா இருக்கோணும். ஏனெண்டா இந்த மருந்தைக் குளிசையா விழுங்க ஏலாது, வயிறு சமிச்சுப் போடும், மூக்கால அடிச்சாலும் கிட்டத்தட்ட 3 வீதம்தான் ரத்தத்துக்குப் போகுது. அந்தக் கொஞ்சத்திலதான் எல்லாமே நடக்குது.

இங்க வந்து முதல் கிழமை நடந்ததைச் சொல்லுறன். பின்னேரம் 7 மணி, நான் அறையில நிண்டு அடிச்சிட்டு தலையைச் சாய்ச்சுக்கொண்டு நிக்கிறன், கீழ குசினியில அம்மா கறித்தூளுக்கு செத்தல் மிளகாய் வறுக்கத் தொடங்கிட்டா. அந்தப் புகை படியால ஏறி வந்து மூக்கில பட்டது ஒரு பத்து செக்கன் இருக்கும், அடுக்கடுக்கா ஆறு தும்மல். தும்மி முடிஞ்சு கையைப் பாத்தா கையெல்லாம் ஈரம், எவ்வளவு உள்ளுக்குப் போச்சு, எவ்வளவு வெளியில வந்தது எண்டு ஆருக்குத் தெரியும்? அடிக்கேக்க இல்லாட்டி அடிச்ச உடன தும்மினா மருந்து உடம்பில சேராமல் போகலாம். திருப்பி அடிக்கிறதா இல்லையா எண்டு தெரியாமல் அழுகை வந்திட்டுது, பிறகு என்ட பார்மசிஸ்ட்டுக்கு மெசேஜ் போட்டு அவ சொன்ன மாதிரிச் செய்தன். நீங்கள் அப்பிடி அந்தரப்பட வேண்டாம், தும்மினா என்ன செய்யிறது, ஒரு நேரம் மறந்தா என்ன செய்யிறது எண்டு தொடங்க முதலே உங்கட டொக்டரிட்ட கேட்டு எழுதி வச்சுக்கொள்ளுங்கோ. மறந்ததுக்காக ரெண்டு மடங்கா அடிக்கிற வேலை மட்டும் வேண்டாம்.

தடிமல் வந்தாலும் இதை நிப்பாட்டத் தேவையில்ல. ஆனா மூக்கடைப்புக்கு அடிக்கிற ஸ்ப்ரேயை முதல் அடிச்சா இந்த மருந்து சேருறது குறையும், அதால முதல்ல இது, பிறகு குறைஞ்சது 2 மணித்தியாலம் கழிச்சு மற்றது. ரெண்டு போத்தலையும் ஒரே தட்டில வைக்காதேங்கோ. எங்கட அம்மாட தடிமல் ஸ்ப்ரேயும் என்டதும் ஒரே அலுமாரியில இருந்தது, ராத்திரி லைட் போடாமல் அம்மா எடுத்தது என்ட போத்தலை, நல்ல நேரம் நான் கண்டன். இப்ப என்டதில சிவப்பு நூல் கட்டியிருக்கு, தெரியுதா?

ஊருக்கு வரேக்க நேரமும் ஒரு பிரச்சினை. மெல்பேர்ண்ல விடிய 7 எண்டா இங்க விடியப்புறம் 2:30. எப்பிடி மாத்திறது எண்டு வெளிக்கிட முதலே கேட்டன். இப்ப எனக்கு இங்கத்த 7, 7தான். சுவரில இருக்கிற நாட்கலண்டர்ல விடிய ஒரு புள்ளடி, பின்னேரம் ஒரு புள்ளடி, ரெண்டும் விழுந்தாத்தான் அந்தத் தாளைக் கிழிப்பன். போத்தல்லயும் திறந்த திகதி எழுதியிருக்கிறன், ஏனெண்டா இதில 60 தரம்தான் கணக்கு, எனக்கு அது 30 நாள். அதுக்குப் பிறகும் அடியில கொஞ்சம் தண்ணி தெரியும், காசு குடுத்த மருந்து எண்டு அதை அடிக்க மனம் வரும், ஆனா அதுக்குப் பிறகு பம்ப் சரியான அளவு தராது. அடிச்சனான் எண்டு நீங்கள் நினைப்பீங்கள், உடம்புக்கு ஒண்டும் போயிராது.

சூடு. என்ட பெட்டியில 25 பாகைக்குக் கீழ வைக்கச் சொல்லி இருக்கு, திருகோணமலையில இந்த நாளையில வீட்டுக்கையே அது எங்க இருக்கு? எங்கட வீட்டில ஏசி இருக்கிறது ஒரு அறைக்குத்தான், அங்க அலுமாரிக்குள்ள வெளிச்சம் படாமல் நிமித்தி வச்சிருக்கிறன், படுக்கப் போடக் கூடாது. ஓட்டோவில போகேக்க, நிலாவெளிக்குக் கடலுக்குப் போகேக்க பையோட வெயில்ல கிடக்க விடாதேங்கோ. பிரிட்ஜில வைக்கலாமோ எண்டதை உங்கட பார்மசியில கேளுங்கோ, உறைய மட்டும் ஒருக்காலும் விடக் கூடாது.

உடம்புக்கு என்ன செய்யும் எண்டா, ஈஸ்ட்ரோஜன் இறங்கினா மாதவிடாய் நிண்ட அம்மாமாருக்கு வாறதெல்லாம் எனக்கு இந்த வயசில வருது. திடீரெண்டு நெஞ்சில இருந்து முகம் வரைக்கும் ஒரு சூடு ஏறும், கன்னியா வெந்நீர்க் கிணத்தில ஒரு வாளி அள்ளி உள்ளுக்க ஊத்தின மாதிரி, பிறகு வேர்த்துக் கொட்டும். தலையிடி, நித்திரை இல்ல, கீழ வறட்சி, முகப்பரு, மூக்கெரிவு. இதெல்லாம் தாங்கலாம். மனசுதான் எனக்கு பாரமா இருந்தது. மூண்டாம் மாசம் காரணமே இல்லாமல் அழுவன், ஒரு கட்டத்தில ஒண்டுமே வேண்டாம் எண்ட நினைப்பு வந்தது, அதை மறைக்காமல் டொக்டரிட்ட சொன்னன், சொன்னதாலதான் இண்டைக்கு இதில இருந்து கதைக்கிறன். அப்பிடி வந்தா அது உங்கட பலவீனம் இல்ல தங்கச்சி, மருந்தும் அப்பிடிச் செய்யும், வீட்டில ஒருத்தருக்காவது முதலே சொல்லி வைங்கோ. திடீரெண்டு தாங்கேலாத தலையிடி, சத்தி, கண் மங்கல், வலிப்பு எண்டா காத்திருக்காமல் உடன ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.

எலும்பும் தேயும். அதாலதான் ஆறு மாசத்தோட நிப்பாட்டுறது. நிப்பாட்டின பிறகு எலும்பு திரும்பத் தேறும், ஆனா எல்லாருக்கும் முழுசாத் தேறும் எண்டில்ல. எங்கட அப்பம்மாவுக்கு கூன் விழுந்து, சும்மா தடக்கி விழுந்ததுக்கே இடுப்பு முறிஞ்சது, அதை நான் முதல் நாளே டொக்டரிட்ட சொன்னனான், எலும்பு ஸ்கேன் எடுத்துப் பாத்துத்தான் தொடங்கினவ. ஸ்டெரொயிட் குளிசை, வலிப்புக் குளிசை எடுக்கிற ஆக்கள், சிகரட், குடி இருக்கிற ஆக்கள், எல்லாத்தையும் வெட்கப்படாமல் சொல்லுங்கோ. நெத்தலி, கீரை, பால் எண்டு கல்சியம் பாத்துச் சாப்பிடுறன், பின்னேரம் கடற்கரையில நடக்கிறன்.

கலியாணம் முடிச்ச ஆக்களுக்கு இன்னொண்டு. பீரியட் நிண்டிட்டுது, இனிப் பிள்ளை தங்காது எண்டு நினைக்காதேங்கோ. ஒண்டு ரெண்டு நேரம் தவறினாலே முட்டை வெளிவரலாம், வயித்தில பிள்ளையோட இந்த மருந்து எடுக்கக் கூடாது, பால் குடுக்கேக்கயும் கூடாது. தொடங்க முதல் டெஸ்ட், பிறகு கொண்டொம் மாதிரி ஹோர்மோன் இல்லாத முறை, தங்கிட்டுது எண்டு சந்தேகம் வந்தா உடன நிப்பாட்டி டொக்டரிட்ட போறது. காரணம் கண்டுபிடிக்காத ரத்தப்போக்கு இருந்தாலும் இதைத் தொடங்கக் கூடாது.

போன கிழமை மச்சாள் ஒருத்தி வந்தவ, ஆடிப்பூரத்துக்கு அம்மன் கோயிலுக்குப் போகோணும், பீரியட் பிந்திப் போய் அந்த நாளோட முட்டுது, "உன்ட போத்தல்ல ரெண்டு தரம் அடிக்கத் தாவன்" எண்டு கேட்டா. அவ கெட்ட எண்ணத்தில கேக்கேல்ல, எனக்கு பீரியட் நிண்டதைக் கண்டு கேட்டவ. இருத்தி வச்சுச் சொன்னன், மச்சாள், ரெண்டு நாள் அடிச்சா இது நிப்பாட்டாது, தூண்டித்தான் விடும், உங்களுக்கு நாள் பிந்தினது பிள்ளைக்கோ எண்டும் தெரியாது, டெஸ்ட் எடுத்திட்டு டொக்டரிட்ட போங்கோ எண்டு. கொஞ்சம் முகம் சுருங்கினது. பரவாயில்ல, நான் குடுக்கேல்ல.

நிப்பாட்டின பிறகு நோ திரும்பி வரலாம், இது அந்த வருத்தத்தை வேரோட எடுக்கிற மருந்து இல்ல, எனக்கு அது தெரியும். ஆனா ஆறு மாசத்தில நாலு மாசம் நான் நிலத்தில படுக்கேல்ல.

சரி, 7 மணிக்கு அஞ்சு நிமிசம்தான் இருக்கு. இன்னும் 11 நாள், 22 புள்ளடி. கீழ போய் அம்மா அடுப்பில என்ன வச்சிருக்கிறா எண்டு பாத்திட்டு வந்து அடிக்கோணும், நான் வாறன்.