பத்து வயதானால் கழித்துவிடுவதா?

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை மாலையை ஒதுக்கி வந்து உட்கார்ந்திருக்கும் உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். சிங்கப்பூரில் பத்து வயதை எட்டும் ஸ்போர்ட்ஸ் காரைச் சீர்செய்து வைத்துக்கொள்வதா, கொடுத்துவிட்டுப் புதிது வாங்குவதா? வைத்துக்கொள்ள வேண்டும் என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய சகோதரி நன்றாகவே பேசினார். சிஓஇயை, அதாவது காரைப் பத்தாண்டு வைத்திருக்கத் தரும் உரிமைச் சான்றிதழை, புதுப்பித்தால், பதிவை ரத்து செய்யும்போது திரும்பக் கிடைக்கும் பிஏஆர்எஃப் கழிவுத் தொகை போய்விடுமே என்றார். பழைய காரில் பாதுகாப்பு எங்கே என்றார். கடைசியாக, பணம் கட்டிய மறுமாதமே என்ஜின் போனால் யார் பொறுப்பு என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தார். கைதட்டலும் வாங்கினார்.

பொத்தாம்பொதுவாகப் பேசினால் வழக்கு தீராது ஐயா. ஒரு காரை எடுத்துக்கொள்வோம். மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989இல் அறிமுகமான இரண்டு இருக்கை வண்டி. 2016 ஏப்ரலில் ஒரு மில்லியனாவது வண்டி தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. நான் ஓட்டுவதும் அதுதான். அதனால் அதைப் பற்றிப் பேசும்போது என் குரல் கொஞ்சம் உயர்ந்தால் நடுவர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் பணம். பத்து ஆண்டுக்கு முன் பதிவான ஒரு வண்டி. அதன் திறந்த சந்தை மதிப்பு, அதாவது உள்ளூர் வரிகள் சேரும் முன் உள்ள இறக்குமதி மதிப்பு, 30,000 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். அந்த மதிப்பை வைத்துப் பதிவின்போது வாங்கும் கூடுதல் பதிவுக் கட்டணம், அன்றைய விகிதப்படி, 34,000. பத்து ஆண்டு முடியும் நேரத்தில் கொடுத்தால் அதில் பாதி, 17,000 வெள்ளி, கழிவாகக் கைக்கு வரும். புதுப்பித்தால் அது போய்விடும். உண்மை, சகோதரி சொன்னது சரி.

சரி, அந்த 17,000ஐ வாங்கிக்கொண்டு எங்கே போவது? 40,000 வெள்ளி மதிப்புள்ள ஒரு புதுக் காரைப் பார்க்கிறோம் என்று வையுங்கள். சுங்கத் தீர்வை 20 விழுக்காடு, அது 8,000. பொருள் சேவை வரி 4,320. கூடுதல் பதிவுக் கட்டணம் 48,000. கூட்டிப் பாருங்கள், 60,320 வெள்ளி! காருக்கு அல்ல, வரிக்கு மட்டும். விற்பவரின் லாபம் தனி. பத்தாண்டு கழித்து இதில் ஒரு பகுதி திரும்பி வரும்தான். ஆனால் இன்று எடுத்துவைக்க வேண்டியது முழுத் தொகை.

சிஓஇ இருக்கிறதே என்பார்கள். புதுக் கார் வாங்கினாலும் அதைக் கட்டத்தான் வேண்டும், பழையதை வைத்துக்கொண்டாலும் சிஓஇ விலையின் கடந்த மூன்று மாதச் சராசரியைக் கட்டத்தான் வேண்டும். 2023 அக்டோபரில் பெரிய கார்ப் பிரிவில் சிஓஇ 150,001 வெள்ளிக்குப் போனதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த அடி இரண்டு பக்கமும் விழும் அடி. அதைக் காட்டிப் பழைய காரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றக் கூடாது. பழையதற்கென்று தனியாக வருவது சாலை வரியின் கூடுதல் கட்டணம்: பத்து வயது தாண்டியதும் 10 விழுக்காட்டில் தொடங்கி 50 வரை ஏறும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள், மறைக்கவில்லை. ஷாக் அப்சார்பர், புஷ், கிளட்ச், ரேடியேட்டர், ஹோஸ், மேற்கூரைத் துணி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றினாலும் அந்த 60,320இல் பாதியைத் தொட முடியாது.

அடுத்து, பழுது என்றால் என்ன என்பதைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஒரு டிசம்பர் மழைக்குப் பிறகு என் வண்டியில் இருக்கைக்குப் பின்னால் கம்பளம் ஊறிக் கிடந்தது. ஒரு பணிமனையில் காட்டினேன். மேற்கூரை போய்விட்டது, முழுதாக மாற்ற வேண்டும், இந்த வயதில் இதற்குச் செலவழிக்காதீர்கள் என்றார்கள். காக்கி புக்கிட்டில் இன்னொரு பணிமனைக்குப் போனேன். அங்கிருந்த பெரியவர் கூரையைத் தொடவே இல்லை. இருக்கைக்குப் பின்னால் ஓரத்தில் கூரையிலிருந்து தண்ணீர் இறங்கும் துளை ஒன்று உண்டு. அதில் விரலை விட்டுப் பார்த்தார். தூங்குமூஞ்சி மரத்தின் இலைகள், பொடிப்பொடியாக, சேறாக அடைத்துக் கிடந்தன. புல் வெட்டும் இயந்திரத்தின் நைலான் கயிற்றை உள்ளே விட்டு நாலு முறை இழுத்தார். பின்சக்கரத்துக்கு முன்னால், வண்டிக்கு அடியில், கறுப்புத் தண்ணீர் கொட்டியது. அவ்வளவுதான். கூரைத் துணியில் ஒரு கீறல்கூட இல்லை.

ஐயா, பத்து வயது வண்டியில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இந்த அளவுதான். ரப்பர் காய்ந்து வெடிக்கும். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் நிறம் மங்கி நொறுங்கும். இன்னதென்று கண்டுபிடிக்கும் முன்பே "வயசாச்சு" என்று முத்திரை குத்திவிடுகிறோம். முதல் தலைமுறை எம்எக்ஸ்-5களை மாஸ்டா நிறுவனமே 2018இல் ஜப்பானில் எடுத்துப் புதுப்பித்துக் கொடுக்கத் தொடங்கியது. அதற்காக அந்தக் காலத்துக் கூரை, நார்டியின் மரத் திருப்புச் சக்கரம், அதே பழைய மாதிரி பிரிட்ஜ்ஸ்டோன் டயர் எல்லாவற்றையும் மறுபடி செய்ய ஏற்பாடு பண்ணியது. புதுக் கார் விற்றுப் பிழைக்கும் நிறுவனம் முப்பது வயது வண்டிக்கு இதைச் செய்தது, நாம் பத்து வயதிலேயே கைகழுவப் பார்க்கிறோம்.

இப்போது என் மனதுக்கு மிக நெருக்கமான இடத்துக்கு வருகிறேன். இந்த ஊரில் எந்தச் சாலையிலும் மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. நாலே வினாடியில் 100ஐ எட்டும் காரை வாங்கி, அதில் எத்தனை வினாடியை இங்கே பயன்படுத்துவீர்கள்? ஒரு டன் எடையை ஒட்டிய வண்டி, கையால் போடும் கியர், தலைக்கு மேல் வானம். இதில் 60இல் ஒரு வளைவைத் திரும்பினாலே உடம்பு முழுக்கத் தெரியும். நம் சாலைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை அது.

அந்தச் சட்டையை இனி யார் தைக்கிறார்கள்? லோட்டஸ் எலீஸ் 2021இல் நின்றது. ஆடி டிடி 2023இல் நின்றது. நிசான் ஜிடி-ஆர் 2025இல் நின்றது. இங்கே 2030 முதல் புதிதாகப் பதிவாகும் கார்கள் எல்லாம் தூய எரிசக்தி வகையாக இருக்க வேண்டும் என்பது அரசாங்கத்தின் முடிவு. அந்த முடிவோடு எனக்குச் சண்டை இல்லை, நல்ல முடிவு. ஆனால் பெட்ரோலில் மட்டும் ஓடும் இந்த மாதிரி வண்டியை அதற்குப் பிறகு கடையில் போய் வாங்க முடியாது. பதிவை ரத்து செய்தால் அடுத்து உடைப்பகமோ ஏற்றுமதியோதான். மனசு மாறினால் திரும்பக் கிடைக்காது. ஒரு வீட்டில் இரண்டாவது குளிர்சாதனப்பெட்டி வாங்குவது போன்ற முடிவு இல்லை இது.

பாதுகாப்பு. இதில் சகோதரியோடு நான் மல்லுக்கட்ட மாட்டேன். 2015இல் யூரோ என்கேப் என்ற ஐரோப்பியக் கார்ப் பாதுகாப்புச் சோதனையில் எம்எக்ஸ்-5 வாங்கியது ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். ஆபத்து வந்தால் தானே பிரேக் போடும் வசதி அன்று அதில் இல்லை, இனிப் பொருத்தவும் முடியாது. கைக்குழந்தை உள்ள வீடு என்றால் வேறு கார் வாங்குங்கள் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் டயரின் பக்கவாட்டில் நாலு இலக்கம் இருக்கும், எந்த வாரம் எந்த ஆண்டு செய்தது என்று. இன்று வீட்டுக்குப் போகும்போது உங்கள் காரில் குனிந்து பாருங்கள். புதுக் காரோ பழைய காரோ, அந்த எண்ணைப் பார்க்காதவர் பாதுகாப்பைப் பற்றிப் பேச முடியாது.

கடைசிக் கேள்வி, சிஓஇ கட்டிய மறுமாதம் என்ஜின் போனால்? அதனால்தான் கட்டுவதற்கு முன்பே வண்டியைத் தூக்கி நிறுத்தி அடிப்பாகத்தைப் பார்க்கச் சொல்கிறேன். என்ஜினின் நாலு சிலிண்டரிலும் கம்ப்ரெஷனை, அதாவது உள்ளே உருவாகும் அழுத்தத்தை, அளக்கச் சொல்கிறேன். சட்டகம் விபத்தில் வளைந்திருந்தால், கதவுக்குக் கீழே துரு தின்றிருந்தால் விட்டுவிடுங்கள், அதற்கு நான் வாதாட மாட்டேன். எல்லாம் பார்த்துக் கட்டியும் என்ஜின் போகிறதா? போகட்டும். பதிவை ரத்து செய்தால், மீதமிருக்கும் மாதங்களுக்கான சிஓஇ பணம் விகிதப்படி உங்களுக்குத் திரும்ப வரும். கட்டிய பணம் முழுவதும் கடலில் கரையாது. இதைச் சகோதரி சொல்லாமல் விட்டுவிட்டார். இதற்கு எதிரணித் தலைவர் பதில் சொல்லட்டும், நான் கேட்டுக்கொள்கிறேன்.

வணக்கம்.