நிலவில் இறங்கிய பந்து

நேயர்களுக்கு வணக்கம். குறுக்களவு எட்டு சென்டிமீட்டர்கூட இல்லாத, எடையும் கால் கிலோவுக்குள் அடங்கிய ஒரு பந்தைப் பற்றித்தான் இன்று பேச வந்திருக்கிறேன். பெயர் சோரா-க்யூ. ஜப்பானின் விண்வெளி நிறுவனமான ஜாக்ஸாவும் டகாரா டோமி என்ற பொம்மைக் கம்பெனியும் 2016-ல் தொடங்கிய வேலை இது. பிறகு சோனியும் டோஷிஷா பல்கலைக்கழகமும் கைகோத்தன.

நிலவுக்கு அனுப்பும் ரோபோவுக்குப் பொம்மைக்காரர்கள் எதற்கு? சின்ன இடத்துக்குள் மடித்து அடக்குவதும், விழுந்தாலும் உடையாமல் செய்வதும் அவர்களுக்கு அன்றாடத் தொழில். கார் ரோபோவாக மாறுகிற டிரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளைச் செய்கிற கம்பெனி அது.

பந்தாக இருப்பதால் எப்படி விழுந்து உருண்டாலும் கவலையில்லை. நின்றதும் நடுவில் பிளக்கும். இரண்டு பாதியும் இரண்டு சக்கரங்களாகிவிடும். நடுவே கேமரா எழும்பும், பின்னால் வால் நீளும். நிலவின் மண் மிக நுண்ணிய தூள். சாதாரணச் சக்கரம் அதில் சுழன்றால் நின்ற இடத்திலேயே புதையும். அதனால் அச்சை மையத்தில் வைக்காமல் தள்ளி வைத்தார்கள். சக்கரம் சுற்றச் சுற்ற உடம்பு எழும்பித் தாழும். முட்டையிட வரும் கடலாமை மணலைத் தள்ளித் தள்ளி ஏறுமே, அந்த நடைதான்.

2024 ஜனவரி 20, ஜப்பான் நேரம். இந்தப் பந்தைச் சுமந்துசென்ற ஜப்பானின் ஸ்லிம் விண்கலம் நிலவில் இறங்கிக்கொண்டிருந்தபோது, ஐம்பது மீட்டர் உயரத்தில் இரண்டு பிரதான என்ஜின்களில் ஒன்று கைவிட்டது. ஆனாலும் தரைக்குச் சற்று மேலே இந்தப் பந்தும், எல்இவி-1 என்ற தாவும் ரோபோவும் திட்டப்படி வெளியே விடப்பட்டன.

பூமியிலிருந்து யாரும் அதை ஓட்டவில்லை. தானே நகர்ந்தது, தானே படமெடுத்தது. எடுத்தவற்றில் ஸ்லிம் தெரிகிற படம் எது என்று தானே தேர்ந்தெடுத்து, ப்ளூடூத் வழியாக எல்இவி-1-க்குக் கொடுத்தது; அது பூமிக்கு அனுப்பியது. என்னை மிகவும் கவர்ந்தது இந்தத் தேர்வுதான். அனுப்பும் வசதி குறைவு என்பதால், எதை விடுவது என்று தெரிந்த ரோபோ அங்கே தேவைப்பட்டது.

அந்தப் படத்தில் பொன்னிற ஸ்லிம் மூக்கு தரையில் ஊன்றி, என்ஜின் பக்கம் மேலே பார்க்க நின்றுகொண்டிருந்தது. தகவல்களை வைத்துப் பொறியாளர்கள் கணித்ததை அந்த ஒரு படம் கண்ணாரக் காட்டிவிட்டது. சூரியத் தகடுகள் மேற்கே திரும்பியிருந்ததால் மின்சாரம் கிடைக்காமல் ஸ்லிம் அணைந்திருந்தது. வெயில் அந்தப் பக்கம் வந்ததும், ஜனவரி 28-ல் ஸ்லிம் மீண்டும் உயிர்பெற்று வேலையைத் தொடங்கியது.

இதே அளவில், கைப்பேசியால் ஓட்டக்கூடிய பொம்மையையும் டகாரா டோமி 2023-லேயே கடைக்குக் கொண்டுவந்தது. எங்காவது கண்ணில் பட்டால், குழந்தைகளோடு சேர்ந்து ஓட்டிப் பாருங்கள். வணக்கம்.