ஒரே சாலை: காவோ டாய் கோயிலும் கூ சி சுரங்கமும்

[காட்சி: சைகோன் நகரத்தை விட்டு வெளியேறும் வேன், ரப்பர் தோட்டங்கள்]

வியட்நாமோட சைகோன்ல, அதாவது இன்னைக்கு ஹோ சி மின் நகரத்துல, எந்த டூர் ஆபீஸுக்குப் போனாலும் இந்த ஒரு நாள் பயணம் இருக்கும். மதியத்துக்குள்ள தை நின்ங்கிற ஊர்ல காவோ டாய்ங்கிற மதத்தோட கோயில், அப்புறம் திரும்பி வர்ற வழியில போர்க்காலத்துல போராளிகள் ஒளிஞ்சிருந்த கூ சி சுரங்கங்கள். முதல்ல ஆன்மிகம், அடுத்தது போர்னு பிரிச்சுப் போட்டிருப்பாங்க. ஆனா இந்தச் சாலையில அந்த ரெண்டையும் பிரிக்க முடியாது. அது எப்படின்னு பார்ப்போம்.

[காட்சி: கோயில் முகப்பு, இரட்டைக் கோபுரங்கள்]

கோயில் இருக்கிற தை நின், சைகோன்ல இருந்து வடமேற்கே சுமார் 100 கிலோமீட்டர். 1920கள்ல, பிரெஞ்சு ஆட்சியோட அலுவலகங்கள்ல வேலை பார்த்த சில வியட்நாமியர்கள் ராத்திரி ஒண்ணா உட்கார்ந்து ஆவிகளோட பேச முயற்சி பண்ணாங்க. அங்கே தெய்வமே வந்து வாக்கு சொன்னதா அவங்க நம்புறாங்க. 1926ல காவோ டாய் மதம் முறைப்படி தொடங்குச்சு. பௌத்தம், தாவோ, கன்ஃபூசியஸ் வழி மூணையும் ஒரே வழிபாட்டுக்குள்ள கொண்டு வந்தாங்க. ஏசுவுக்கும் அதுல இடம் உண்டு.

நுழைஞ்சதும் ஒரு பெரிய ஓவியம். மூணு ஞானிகள் கடவுளோட ஒரு உடன்படிக்கை எழுதுறாங்க. ஒருத்தர் வியட்நாமியக் கவிஞர் நுயென் பின் கியெம், இன்னொருத்தர் சீனாவோட புரட்சித் தலைவர் சுன் யாட்-சென், மூணாவது பிரெஞ்சு எழுத்தாளர் விக்டர் ஹ்யூகோ. தங்களை அடிமைப்படுத்தின நாட்டோட எழுத்தாளரை ஞானியா ஏத்துக்கிட்ட அந்த மனசு எனக்கு ரொம்பப் பெரிசாப் படுது. "கடவுளும் மனிதகுலமும், அன்பும் நீதியும்"னு பிரெஞ்சுலயும் சீனத்துலயும் எழுதுறாங்க.

[காட்சி: மாடியிலிருந்து மதிய வழிபாடு]

ஒரு நாளைக்கு நாலு வழிபாடு: காலை 6, மதியம் 12, மாலை 6, நள்ளிரவு. டூர் வேன்கள் மதியத்துக்குத்தான் வந்து சேரும். செருப்பைக் கழட்டிட்டு மாடத்துக்கு ஏறுங்க. கீழே வெள்ளை உடையில பக்தர்கள் வரிசையா உட்கார்ந்திருப்பாங்க. குருமார்கள்ல மஞ்சள் பௌத்தத்துக்கு, நீலம் தாவோவுக்கு, சிவப்பு கன்ஃபூசியஸுக்கு. தூண்கள்ல டிராகன்கள் சுத்திக்கிட்டு இருக்கும், எதிரே பெரிய உருண்டையில ஒரு இடது கண். அதுதான் இவங்க கும்பிடுற தெய்வத்தோட அடையாளம்.

வழிகாட்டிகள் பல பேர் இதோட நிறுத்திடுவாங்க. இந்த மதத்துக்கு ஒரு காலத்துல சொந்தப் படையே இருந்துச்சுங்கிறதையும் நாம தெரிஞ்சுக்கணும். மதத்தலைவர் ஃபாம் காங் தாக்கை 1941ல பிரெஞ்சுக்காரங்க மடகாஸ்கருக்கு நாடு கடத்தினாங்க. 1946ல திரும்பி வந்தவர், விடுதலைக்காகப் போராடின கம்யூனிஸ்ட் தலைமையிலான வியட் மின் இயக்கத்தை எதிர்த்து அதே பிரெஞ்சுக்காரங்களோடயே கைகோத்தார். பிறகு தெற்கு வியட்நாமை ஆண்ட டியெம் அந்தப் படையைக் கலைச்சார். 1956ல தாக் கம்போடியாவுக்குப் போய், 1959ல அங்கேயே இறந்தார். 1975ல போர்ல ஜெயிச்சு வந்த கம்யூனிஸ்ட் அரசும் இந்த மதத்தைக் கட்டுப்பாட்டுல வச்சது. 1997லதான் அங்கீகாரம் கிடைச்சுது.

[காட்சி: ட்ராங் பாங், சாலையோரக் கோயில்]

திரும்புற வழியில ட்ராங் பாங்னு ஒரு ஊர். மெல்லிசான அரிசி அப்பளத் தாளுக்குப் பேர் போன ஊர். பனியில வச்சுப் பதமாக்குவாங்க, காய்கறி, கீரை, பன்றிக்கறி வச்சுச் சுருட்டிச் சாப்பிடலாம். வேன் இங்கே நின்னா அதுக்காகத்தான் நிக்கும்.

ஆனா இங்கேயும் ஒரு காவோ டாய் கோயில் இருக்கு. 1972 ஜூன் 8. சண்டைக்குப் பயந்து கிராமத்து ஜனங்க அந்தக் கோயிலுக்குள்ள ஒதுங்கியிருந்தாங்க. அவங்க வெளியே ஓடி வந்தப்ப தெற்கு வியட்நாமோட சொந்த விமானம் உடம்புல ஒட்டிக்கிட்டு எரியுற நேபாம் குண்டைப் போட்டுடுச்சு. உடம்பெல்லாம் வெந்து, துணியில்லாம சாலையில ஓடி வந்த ஒன்பது வயசுக் குழந்தை கிம் ஃபுக்கோட படத்தை நீங்க கண்டிப்பா பார்த்திருப்பீங்க. அந்தக் குடும்பமும் காவோ டாய் குடும்பம்தான். ரெண்டு இடங்களுக்கு நடுவுல இருக்கிற இந்த ஊரைத்தான் பயணத்தோட மையம்னு நான் சொல்வேன்.

[காட்சி: காட்டுக்குள் சுரங்க வாய், இலை மூடிய மூடி]

கூ சி சுரங்கங்களை 1940கள்ல பிரெஞ்சுக்காரங்களை எதிர்த்து கம்யூனிஸ்ட் போராளிகள் தோண்ட ஆரம்பிச்சாங்க. பிறகு அமெரிக்காவோட நடந்த வியட்நாம் போர்ல அது 200 கிலோமீட்டருக்கு மேல நீண்டுடுச்சு. இந்த மண் களிமண் கலந்தது, காத்துப் பட்டா இறுகிடும். அதனாலதான் மண்வெட்டியும் கூடையும் வச்சே மூணு அடுக்கு வரைக்கும் தோண்ட முடிஞ்சுது. அடுப்புப் புகையைப் பல குழாய் வழியா தூரமாக் கொண்டுபோய், விடியக்காலைப் பனியோட பனியா விட்டாங்க. காத்துத் துளைகளைக் கறையான் புத்து மாதிரி மறைச்சாங்க. 1966ல அமெரிக்காவோட 25வது காலாட்படை இந்தப் பக்கத்துலதான் முகாம் போட்டுது. கைத்துப்பாக்கியும் டார்ச்சும் மட்டும் எடுத்துக்கிட்டு சின்ன உருவச் சிப்பாய்கள் உள்ளே இறங்கினாங்க.

இப்போ சுற்றுலாவுக்காகக் கொஞ்சம் அகலப்படுத்தியிருக்காங்க, அப்பவும் குனிஞ்சே போகணும். மூச்சுத் திணறல் இருக்கிறவங்க இறங்க வேண்டாம். கடைசியில அவிச்ச மரவள்ளிக்கிழங்கு தருவாங்க. போராளிகளுக்குப் பல நாள் அதுதான் சாப்பாடு. பக்கத்துல காசு கொடுத்துத் துப்பாக்கி சுடுற இடமும் இருக்கு. இவ்வளவு பேர் செத்த மண்ணுல அந்தச் சத்தம் வேண்டாம்னுதான் எனக்குத் தோணுது.

கூ சில பார்க்கிற இடங்கள் ரெண்டு: பென் டின், பென் யூக். சைகோனுக்குக் கிட்ட இருக்கிறதால பெரும்பாலான வேன்கள் பென் டின்னுக்குப் போகும். பென் யூக் நினைவுக் கோயில்ல 44,000க்கு மேல பேரைச் சுவர்ல பொறிச்சிருக்காங்க. எல்லாம் ஜெயிச்ச பக்கத்துக்காரங்க. தோத்த பக்கத்துல செத்த வியட்நாமியர்களோட பேரு அங்கே கிடையாது. புக் பண்ணும்போதே பென் யூக் கேளுங்க, ட்ராங் பாங் கோயில் முன்னாடியும் வண்டியை நிறுத்தச் சொல்லுங்க.